அரைச் சுற்று

ராஜபாளையத்தில் என்னை ஆக்சிஜன் தவசி என்றால்தான் தெரியும். தவசிமுத்து என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டில் இருப்பதோடு சரி. தென்காசி ரோட்டில் பஞ்சாலைகளுக்கு வேலை செய்கிற வெல்டிங் பட்டறைகள் அப்போதே ஏழெட்டு உண்டு, எல்லாவற்றிலும் ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. ஆனால் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பெற்ற பிள்ளையைப் பிழைக்க வைத்தவன் நான் ஒருத்தன்தான் என்று ஊர் பேசியது. பாசமாக வைத்த பெயர்தான். பத்து வருஷமாக அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் நான் ஏன் குனிந்து வேலையைப் பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம். என் மனைவி ஜெயபாய்க்கு ஏழு மாதம் முடிவதற்குள் வலி கண்டுவிட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெண் குழந்தை. எடை ஒன்றேகால் கிலோ. நான் அறுத்துப் போடுகிற இரும்புத் துண்டுகள் அதைவிட அதிகம் கனக்கும். குழந்தையின் உதடும் நகமும் கறுநீலமாக இருந்தன. அங்கே இருந்த ஒரே சிலிண்டரும் மறுநாள் மத்தியானம் தீர்ந்துபோயிற்று. மதுரையிலிருந்து லாரி வர இரண்டு நாளாகும், வழியில் குழந்தை தாங்காது, அதனால் மதுரைக்கும் கொண்டுபோக முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். நான் செருப்புக்கூடப் போடாமல் பட்டறைக்கு ஓடி, என் சிலிண்டரைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் ஆகவே ஆகாது. எண்ணெய்க் கையால் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. தீக்குச்சியே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். சங்கிலிப்பாண்டி என்று ஒருவர், வால்வு இறுகிவிட்டதென்று துளி கிரீஸ் வைத்துத் திறந்தார். வெடித்ததில் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதைக் கண்ணால் பார்த்ததிலிருந்து வேலை நாட்களில் நான் தலைக்குக்கூட எண்ணெய் வைப்பதில்லை. என் தலை தேங்காய்நார் போல இருக்கிறது என்று ஜெயபாய் கேலி செய்வாள். அவ்வளவு கவனமான ஆள் நான். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

நர்சிங் ஹோமில் ரெகுலேட்டரைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நானே மாட்டிக் கொடுத்தேன். ஆக்சிஜன் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போய்க் குமிழ் விட்டு, அங்கிருந்து குழாய் வழியாகக் குழந்தையின் மூக்குக்குப் போகும். குமிழ் ஒன்றொன்றாக வர வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். மூச்சு முட்டினால் நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள் என்றும் சொன்னார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ராஜபாளையத்தில் ரெகுலேட்டரைப் பற்றி எனக்குப் பாடம் சொல்ல ஓர் ஆள் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போகுமுன் பிள்ளையைப் பார்க்கப் போனேன். நர்ஸ் வெளியே போயிருந்தாள். ஜெயபாய் குளியலறையில் இருந்தாள். குழந்தையின் உதடு மறுபடி கறுத்திருந்தது. நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. நான் ரெகுலேட்டரின் திருகை அரைச் சுற்று கூட்டினேன். குமிழ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடின. கொஞ்ச நேரத்தில் அந்த உதடு பட்டுப்போலச் சிவந்தது. அதைப் பார்த்து நான் நின்றபடி அழுதேன். காற்று, உயிர்மூச்சு, அது கூடினால் நல்லதுதானே. இதில் என்ன கஞ்சத்தனம்?

லாரி வந்து சிலிண்டர் மாறிய பிறகும், முப்பத்திரண்டு நாள் இப்படி நடந்தது. தினமும் காலையில் நான் அரைச் சுற்று கூட்டுவேன். நர்ஸ் சுற்றி வரும்போது, பட்டறை ரெகுலேட்டர் அளவில் நிற்காது என்று நினைத்துக் குறைத்துவிட்டுப் போவாள். அவசரத்துக்கு உதவும் என்று ஜெயபாய்க்கும், எந்தப் பக்கம் திருகினால் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் செய்வதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா பேச்சை மீறுகிறேன் என்று பயப்படுவாள்.

பிள்ளை பிழைத்தது. கோயிலில் ஜெபம் வைத்தார்கள், ஊர் வந்து பார்த்தது, பரிபூரணம் என்று பெயர் வைத்தோம். நாங்கள் கூப்பிடுவது பூரணம். நாலாவது மாதம் ஜெயபாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். முகத்துக்கு நேரே வளையலை ஆட்டினால் சத்தம் வந்த பிறகுதான் பிள்ளை திரும்பியது. கண் எங்கேயோ அலைந்தது. வெயிலில் தூக்கிப் பார்த்தபோது கண்மணிக்குள் வெள்ளையாக என்னமோ தெரிந்தது.

மதுரையில் பெரிய கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் பார்த்தார். ஜெயபாய் பிள்ளையோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்துப் பேசினார். கண்ணுக்குள் பின்பக்கம் மெல்லிசாக ஒரு திரை இருக்கிறது, பார்வை அதில்தான் விழுகிறது. அந்தத் திரையில் கொழுப்புச் சத்து அதிகம். காற்றுப்பட்ட எண்ணெய் கெட்டு வாடையடித்துக் காறிப்போகிறதல்லவா, அதுபோல ஆக்சிஜன் மிஞ்சிப் போனால் உடம்பிலிருக்கிற கொழுப்பும் காறிப்போகும். அதைத் தடுக்கிற சத்து, பிள்ளைக்குத் தாயிடமிருந்து கடைசி இரண்டு மாதத்தில்தான் வந்து சேரும். இந்தப் பிள்ளை அதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டது. அதனால் ரத்தக்குழாய்கள் கெட்டு, தாறுமாறாக வளர்ந்து, திரையை இழுத்துச் சுருட்டிவிட்டன. பெரியவர்களுக்கு வருகிற மாரடைப்பு, கண்புரை இதிலெல்லாம்கூட இந்தக் காறலுக்குப் பங்கு உண்டோ என்று இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு எண்ணெய் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை, மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்ததுதான்.

எண்ணெயும் ஆக்சிஜனும் சேரக் கூடாது. இது எனக்குத் தெரியும். இதற்காகத் தலைக்கு எண்ணெய் வைக்காதவன் நான். என் பிள்ளையின் கண்ணுக்குள் எண்ணெய் இருப்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டார். டாக்டரம்மா சொன்ன அளவுதான் என்று சொன்னேன். அப்படியானால் சில குழந்தைகளுக்கு அந்த அளவிலேயே வருவதும் உண்டு, யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து, பிறவியிலேயே இப்படியாம் என்று ஜெயபாயிடம் சொன்னேன். அவள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

என் அக்கா சீனியம்மாளுக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. ஜெயபாய் மாசமாக இருந்தபோது கிரகணத்தன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறதென்று குடத்தோடு வெளியே போனாளாம், அதனால்தான் பிள்ளைக்குக் கண் போனதாம். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பத்தில் கிரகணம் என்ன என்று கேட்க ஆளில்லை. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு எங்கே போனாலும் அக்கா அதைச் சொன்னாள். ஜெயபாய் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று வேறெங்கோ பார்ப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மேல் இருந்த பழி இறங்கியிருக்கும். பத்து வருஷத்தில் அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அப்படிப்பட்ட ஆம்பளை நான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மே மாதம். பூரணம் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பட்டறை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நாமம் போட்ட பெரியவர் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருக்கிற பாஷ்யம். அவர் மகள் கமலவல்லி தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில் ஏழாம் மாதமே பெற்றுவிட்டாள். ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் தீரப் போகிறது, லாரி ஸ்டிரைக், இரண்டு நாளாவது தாங்க வைத்தால்தான் மதுரைக்குக் கொண்டுபோக முடியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே யாரோ என் பெயரைச் சொன்னார்களாம்.

"உங்க குழந்தையை நீங்களே காப்பாத்தினேளாமே," என்றார். "எங்க குழந்தையையும் காப்பாத்திக் கொடுங்கோ. உங்க ஆத்துக்காரம்மாவையும் கூட்டிண்டு வாங்கோ. கமலா ரொம்பப் பயந்து கிடக்கா."

கொடுக்காவிட்டால் பிள்ளை செத்துப்போகும். கொடுத்தால் என்ன ஆகும் என்பது என் வீட்டுக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. சிலிண்டரை வேனில் ஏற்றினேன். பூரணத்தை எதிர்வீட்டில் விட்டுவிட்டு ஜெயபாயும் வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். நான் ரெகுலேட்டரை மாட்டியதும் அவரே அளவு வைத்தார். குமிழ் ஒன்றொன்றாக வந்தது. பிள்ளையின் உதட்டில் லேசான நீலம் இருந்தது. இப்போதைக்கு இது போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கமலவல்லி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயபாய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். உன் பிள்ளையும் பிழைச்சுக்கிடும்மா என்று மெதுவாகச் சொன்னாள்.

பாஷ்யம் மடியிலிருந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்தார். மார்கழியில் ஆண்டாளுக்குச் சாத்துகிற எண்ணெய்க்காப்புத் தைலம், பிரசாதமாக வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. ஒரு துளி தொட்டுப் பேரன் நெற்றியில் வைத்தார். கண்ணை மூடி என்னமோ சொன்னார். கண்ணைத் திறந்ததும் தண்ணீர் பாட்டிலில் வருகிற குமிழைப் பார்த்தார், பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். இன்னும் கொஞ்சம் வைத்தால்தான் என்ன என்று சொல்லிக்கொண்டே, தைலம் பளபளத்த விரலோடு ரெகுலேட்டரை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்த வேகத்தில் மனுஷர் தடுமாறிச் சுவரில் சாய்ந்தார்.

"எண்ணெய்க் கையால தொடாதீங்க சாமி, வெடிச்சிரும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காரணம் போதுமானதுதான், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கையைத் துடைத்துவிட்டு மறுபடி வருவார். நானாக இருந்தாலும் அப்படித்தான் வருவேன். "துடைச்சுட்டும் தொடாதீங்க. நான் தொட்டேன். முப்பத்திரண்டு நாள், தினம் காலையில அரைச் சுத்து. டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லியும் கூட்டி வச்சேன். எம்மவளுக்குக் கண்ணு போனது கிரகணத்தால இல்ல சாமி. என்னாலதான்."

பாஷ்யம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கமலவல்லி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஜெயபாயைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. சத்தம் கேட்டு வந்த டாக்டர், இவர் சொல்வது சரிதான், அளவை யாரும் தொடக்கூடாது, மதுரைக்குப் போனதும் நாலாவது வாரத்தில் கண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இப்போது வைத்தியம் இருக்கிறது என்றார். கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அன்று சாயங்காலம்வரை நான் அந்தச் சிலிண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். உதடு கறுக்கும்போதெல்லாம் என் கை தானாக எழும். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுவேன். அவர் வந்து பார்த்து, வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டி, உதடு தெளிந்ததும் குறைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த முதல் நாள் திரும்பும்போது மம்சாபுரம் வழியாகப் போகிற டவுன் பஸ்தான் கிடைத்தது. ஜெயபாய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள், இறங்கித் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மம்சாபுரத்தில் பாதிக் கூட்டம் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"மதுரையில டாக்டர் உங்ககிட்டச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. கதவு சாத்தல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"டாக்டரம்மா சொன்ன அளவுதான்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. எனக்காகத்தான் பொய் சொல்லுதீங்கன்னு நினைச்சேன்."

"ஒனக்காகவா?"

"காலையில நீங்க போன பொறவு நர்ஸ் வந்து கொறைச்சிருவா. மத்தியானம் பிள்ளைக்கு உதடு கறுக்கும். நீங்க சொல்லிக் கொடுத்தீங்கள்ல, எந்தப் பக்கம் திருகணும்னு. நானும் அரைச் சுத்து வைப்பேன். செத்த நேரத்துல செவந்துரும்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சும் எம்மேல பழி வரக் கூடாதுன்னு மறைச்சிட்டீங்கன்னு நினைச்சேன். மதினி எம்புட்டுப் பேசியும் நான் ஏன் வாய் திறக்கல? கிரகணமோ எதுவோ, நான் செஞ்சதுதானேன்னு இருந்தேன். பத்து வருஷமா உங்களுக்கு நன்றியா இருந்தேன்."

கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டான். ராஜபாளையம் இரண்டு என்றேன். பத்து வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே பாவத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். யார் யாரைத் தேற்றுவது?

டிசம்பரில் பூரணம் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தபோது பாஷ்யம் குடும்பத்தோடு வந்தார். பால்கோவா வாங்கி வந்திருந்தார். பிள்ளைக்கு நாலாவது வாரத்தில் கண்ணில் கோளாறு ஆரம்பித்திருந்ததாம், மதுரையில் உடனே வைத்தியம் செய்து நிறுத்திவிட்டார்களாம். இப்போது ஏழு மாதம். கமலவல்லி பிள்ளையைக் கொண்டுவந்து பூரணத்தின் மடியில் வைத்தாள். ஜெயபாய் வளையலைக் கழற்றி, சத்தம் வராமல் பிள்ளைக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோனாள். பிள்ளையின் கண் கூடவே போயிற்று. ஜெயபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பூரணம் பிள்ளையின் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, பாப்பா என்னையப் பாக்குதா?"

பிள்ளை வைத்த கண் வாங்காமல் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமாட்டி, ஒன்னையத்தான் பாக்குது என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

அவர்கள் போன பிறகு பட்டறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை. அம்மா அவளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள்.

"அந்தப் பாப்பாவும் என்னைய மாதிரி முன்னாடியே பிறந்ததுதானேப்பா? அதுக்கு மட்டும் எப்படிக் கண்ணு தெரியுது?"

ஜெயபாய் நிலைப்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் சொன்னேன். அப்பாவும் அம்மாவும் செய்ததை, ஒன்றும் ஒளிக்காமல், உதடு கறுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ செத்துப்போவியோன்னு பயந்துட்டோம் என்றேன். அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எம்புட்டுக் கூட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"நான் அரைச் சுத்து. அம்மா அரைச் சுத்து."

"அரைச் சுத்துன்னா எம்புட்டு? காட்டுங்க."

எண்ணெய் பட்ட கையை நான் ஒருநாளும் சிலிண்டர் பக்கம் விட்டதில்லை. ரெகுலேட்டரைத் தனியாகக் கழற்றினேன். அவளுடைய பத்து விரலையும் சோப்புப் போட்டுக் கழுவி, என் வேட்டியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எழுத்தையே விரலால் படிக்கிற பிள்ளை, நுனியெல்லாம் கொஞ்சம் காய்த்திருந்தது. திருகின் மேல் அவள் கையை வைத்து, அதன்மேல் என் கையை வைத்து, மெதுவாகத் திருகினேன்.

திருகு நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. தானே பின்னால் திருகிக் கொண்டுவந்து, மறுபடி ஒருதரம் அதே அளவு திருகிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானாப்பா?" என்றாள்.